ஒரு சீசன் பொறுத்த சிறுநீரகம்

வலித்திருந்தால் முன்பே டாக்டரிடம் போயிருப்பேன். சிறுநீரகம் கெடுவதில் உள்ள சூது அதுதான். பாதி கெட்டாலும் முக்கால் கெட்டாலும் அது வாயைத் திறப்பதில்லை. எனக்கு முதலில் தெரிந்தது செருப்பில். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, செருப்பு வார் புறங்காலில் பதிந்து பள்ளமாகியிருந்தது. வீட்டுக்கு வந்து விரலால் அமுக்கிப் பார்த்தேன். விழுந்த குழி மேலே வர மறுத்தது. என் மனைவி பார்வதி அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே போயி ரத்தம் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

என் பெயர் தங்கராஜ். ஊர் தூத்துக்குடிப் பக்கம். துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்து, ஓய்வு பெற்று, டாலிகஞ்சில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தங்கிவிட்டவன். எழுதிப் பழக்கமில்லை. டயாலிசிஸ் அறையில் கூட இருந்தவர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் என்று ஒரு வரி இருந்தது. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றிவிடும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. சிறுநீரக மருத்துவர் ஒரு நடுவயது வங்காளி அம்மாள். எத்தனை வருடமாக ரத்த அழுத்தம் என்று கேட்டார். பத்து வருடம், மாத்திரை சில நாள் போடுவேன் என்றேன். "சில நாள்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இடது முன்கையில் சிறிய அறுவை செய்து, ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். டயாலிசிஸ் ஊசி தாங்குவதற்காக ரத்தக்குழாயைப் பருக்க வைக்கிற ஏற்பாடு. அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே ஒரு வண்டு பறப்பதுபோல அதிரும். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் இரண்டு தடித்த ஊசிகள். ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கும், மற்றொன்று கழுவிய ரத்தத்தை உள்ளே அனுப்பும். நான்கு மணி நேரம். என் ரத்தம் குழாயில் என்னைச் சுற்றிவருவதை முதல்நாள் பார்த்தபோது, இத்தனை வருடம் இந்த வேலையை எனக்குத் தெரியாமலே இரண்டு சிறு உறுப்புகள் செய்துகொண்டிருந்தனவா என்று மலைத்துப் போனேன். நாள் முழுவதற்கும் ஒரு சிறிய பாட்டில் தண்ணீர்தான் அனுமதி. பார்வதி காலையில் அதை அளந்து மேசையில் வைப்பாள். நான் பார்க்கும்படி அவள் தண்ணீர் குடிப்பதை அந்த வாரமே நிறுத்திவிட்டாள்.

மாற்றுச் சிறுநீரகம்தான் நிரந்தர வழி என்றார் டாக்டரம்மா. பார்வதி உடனே முன்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நவம்பரில் எங்கள் ஒரே மகன் கதிர் இங்கிலாந்திலிருந்து வந்தான். விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, பையைக் கீழே வைக்காமலே, "என்னோடத டெஸ்ட் பண்ணுங்க" என்றான்.

கதிரின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் கல்கத்தா மைதானத்தில் ரக்பி ஆடப் போவான். நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அலுவலகம் என்று சொல்லிக்கொள்வேன். பொறியியல் மேல்படிப்புக்காக வடஇங்கிலாந்து போனவன், அங்கே ரக்பி லீக் என்ற வேறொரு வகை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். முதலில் படிப்போடு ஆடினான். பிறகு பகலில் கிடங்கு வேலை, மாலையில் ஆட்டம். பிறகு இரண்டாம் தரப் போட்டிகளில் ஆடும் ஒரு சின்ன கிளப் அவனை முழுநேரச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒன்பது வருடம். பேர்பெற்ற ஆளில்லை. ப்ராப் என்ற இடத்தில் ஆடுவான். முட்டுக் கொடுக்கிறவன் என்று பொருள். பார்க்கப்போனால் முட்டுகிறவனும் அவன்தான். நூற்றுப்பத்து கிலோ. தோள் நழுவியது, விரல் உடைந்தது, புருவத்தில் தையல் என்று சேதி வரும். "கை கால் ஒழுங்கா இருக்கால?" என்று கேட்பேன். "இருக்குப்பா" என்பான். ஒன்பது வருடத்துப் பேச்சு அவ்வளவுதான்.

அவனுடைய கிரியாட்டினினும் சற்றுக் கூடுதலாக வந்தது. அவனுக்கும் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். "இவ்வளவு தசை இருந்தால் கழிவும் கூடத்தான் இருக்கும்" என்று வேறொரு சோதனை செய்தார். இரண்டு சிறுநீரகமும் முதல்தரம். ரத்த வகையும் பொருந்தியது.

"ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்றார் அவனிடம். "ஒற்றைச் சிறுநீரகத்தோடு நிறைவாக வாழலாம். ஆனால் உங்கள் ஆட்டத்தை ஆட நான் அனுமதிக்க மாட்டேன். இருக்கிற ஒன்றில் அடிபட்டால் மாற்று இல்லை."

"ஓகே. எப்ப வச்சுக்கலாம்?" என்றான் கதிர், பக்கத்தில் வருகிறவனிடம் பந்தைக் கொடுக்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன்.

"எனக்கு வேண்டாம்ல."

"என்னப்பா வேண்டாம்?"

"ஒன்னோட கிட்னி. நீ போயி ஆடு."

பார்வதி தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்தாள். "என்ன சொல்லுதிய? பிள்ளை தாரேங்கான், நீங்க வேண்டாங்கிய. அப்ப நான் என்ன செய்ய? நீங்க வாரத்துக்கு மூணு நாளு வெளிறிப்போயி வாரதப் பாத்துக்கிட்டே இருக்கவா?"

கதிர் தரையில் உட்கார்ந்தான். "அப்பா, எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. ப்ராப் ஆடுறவனுக்கு இது கடைசி ஸ்டேஷன். இன்னும் ஒரு சீசன்தான் கான்ட்ராக்ட். அதுக்கப்புறம் அவங்களே போயிட்டு வான்னுருவாங்க."

"அந்த ஒரு சீசன் ஒனக்கு வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

கதிர், வளைந்து ஒட்டியிருந்த தன் சுண்டுவிரலை நிமிர்த்த முயன்றுகொண்டிருந்தான். அடுக்களையில் தோசை தீய்ந்த வாடை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப ஆடி முடிச்சிட்டு வா. வந்து குடு, வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் நான் இருக்கேன்."

"இருக்கேன்னு நீங்க எப்படிப்பா சொல்ல முடியும்?"

நான் பிடிவாதமாக நின்றேன். என் அப்பா எனக்கு விட்டுக்கொடுத்தது எதுவும் நினைவில்லை. நானும் இவனுக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "காத்திருக்கலாம். ஆனால் சிறுநீரகம் செய்கிற வேலையில் ஒரு சிறு பகுதியைத்தான் மெஷின் செய்யும். மீதிப் பாரத்தை இதயம் சுமக்கும். தண்ணீரில் ஏமாற்றக் கூடாது, ஒரு நாள் தவறக் கூடாது." சரி என்றேன். கதிர் ஜனவரியில் திரும்பிப் போனான். போகுமுன் என் டேப்லெட்டில் அவர்கள் கிளப்பின் ஆட்டங்கள் வருகிற இடத்தைக் காட்டிக்கொடுத்தான்.

டயாலிசிஸ் அறையில் என் பக்கத்து நாற்காலி ஹால்தார் பாபுவுடையது. ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், கால்பந்துப் பித்தர். பிள்ளைகள் இல்லை, சிறுநீரகம் கொடுக்க ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் பதிவைத் திங்கள் காலையில் நான் பார்ப்பதைக் கண்டு, "முட்டைமாதிரி இருக்கிறதெல்லாம் ஒரு பந்தா, மோஷாய்?" என்றார். மோஷாய் என்றால் ஐயா. இரண்டாவது வாரம் நாற்காலியைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது வாரம் டெக்னீஷியன் பாபுன் டேப்லெட்டை இருவருக்கும் நடுவில் ஸ்டாண்டில் மாட்டிவிட்டான். ஏப்ரலுக்குள் அந்த வரிசையில் ஆறு நாற்காலியும் எங்களோடு ஆடியது. ஞாயிறு மாலையே முடிவு தெரிந்திருந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம்.

ஆட்டம் மெல்லப் புரிந்தது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு ஆறு வாய்ப்பு. பந்தோடு ஓடுகிறவனை எதிராளிகள் கட்டிப்பிடித்து வீழ்த்தினால் ஒரு வாய்ப்பு முடிந்தது. விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். ஆறுக்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்கு. முதல் இரண்டு மூன்று வாய்ப்புகள் கதிரைப் போன்றவர்களுக்கு. எதிரே மூன்று பேர் வரிசையாக நிற்பது தெரியும், இடைவெளி இல்லை என்பதும் தெரியும். அவன் நேராக அவர்கள்மீதே ஓடுவான். பத்தடி கிடைக்கும். அந்தப் பத்தடியை வைத்துக்கொண்டு மெலிந்த, வேகமான பையன்கள் புள்ளி எடுப்பார்கள். கைதட்டல் அவர்களுக்கு. கதிர் அதற்குள் எழுந்து அடுத்த மோதலுக்குப் பின்னால் போய் நின்றிருப்பான்.

எழுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பேர் மேலே கிடப்பார்கள். அடியிலிருந்து ஒரு முழங்கை வரும், ஒரு முழங்கால் வரும், பிறகு என் மகன் வருவான். ஒரு ஆட்டத்தில் முப்பது நாற்பது தடவை. கட்டிலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடிக்கிற எனக்கு, இவன் என் வீட்டில் பிறந்த பிள்ளைதானா என்று இருந்தது.

"எந்தப் பக்கத்தை உங்களுக்கு எடுப்பார்கள்?" என்று ஹால்தார் பாபு ஒருநாள் கேட்டார். இடதுபக்கச் சிறுநீரகத்துக்குச் சிரை நீளம், பொருத்துவது எளிது, பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைச் சொன்னதிலிருந்து இடப்பக்கமாக யாராவது கதிர்மேல் பாய்ந்தால் அவர், "பாம் திக்! பாம் திக்!" என்று இடதுபக்கத்தைச் சொல்லிக் கத்துவார். ஊசி குத்திய கையை ஆட்டாதீர்கள் என்று பாபுன் ஓடிவருவான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, நானும் பார்வதியும் வீட்டில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் கதிரை நிமிர்த்திப் பிடித்திருக்க, மூன்றாமவன் தோளால் இடது விலாவுக்குக் கீழே இடித்தான். கதிர் விழுந்தான். எழவில்லை. பிறகு எழுந்தான், பந்தைக் காலால் உருட்டினான், அப்படியே நடந்து வெளியே போனான். அன்று போனில், "விலாவுல சின்ன அடிப்பா" என்றான். செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொன்னான். சிறுநீரில் ரத்தம் போயிருந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் சிறு கிழிசல். அறுவை வேண்டாம், ஓய்வில் தானே ஆறும் என்றார்களாம்.

முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 'ஐயோ, என் கிட்னி' என்றுதான் நினைத்தேன். 'என் பிள்ளை' என்பது அடுத்த மூச்சில்தான் வந்தது. புதன்கிழமை நாற்காலியில் அதை ஹால்தார் பாபுவிடம் சொல்லி அழுதேன். அவர், "தாகத்தில் இருக்கிறவன் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருக்கிற தண்ணீரைத்தான் பார்ப்பான், மோஷாய்" என்றார். "அடுத்த மூச்சில் ஆளைப் பார்த்தீர்கள் இல்லையா, போதும்."

அன்று மாலை கதிரைக் கூப்பிட்டேன். "போதும்ல. நிறுத்திட்டு வந்துரு. நான் சொன்னது தப்பு."

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நான் பதில் சொல்லல. இப்ப சொல்லுதேன்பா. வேணும். கடைசி மேட்ச் ஒண்ணு மட்டும், எங்க ஊர் கிரவுண்டுல. இன்னும் பத்து வாரம் இருக்கு. ஆறிட்டுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா ஆடுதேன், இல்லன்னா மாட்டேன்."

பார்வதி போனை வாங்கினாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். "ஆறிட்டுன்னு எழுதுன தாள எனக்கு அனுப்பு. நானே வாசிப்பேன்" என்றாள்.

தாள் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

கடைசி ஆட்டத்தில் கால் மணி நேரம்தான் அவனை இறக்கினார்கள். நான் எண்ணினேன்: ஒன்பது முறை மோதினான், ஒன்பது முறையும் எழுந்தான். முடிகிற தறுவாயில் அவர்கள் அணி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக இரண்டு புள்ளி. அதற்கென்று கால் பழகிய ஆள் இருப்பான். விடைபெறுகிற ஆளுக்கு அந்த உதையைக் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டாம். ஒன்பது வருடத்தில் பந்தை உதைத்தே அறியாத என் மகனைக் கூப்பிட்டுப் பந்தை வைத்தார்கள். ஓடிவந்து உதைத்தான். அது தரையோடு உருண்டு மூலைக்கொடிப் பக்கம் போயிற்று. கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. திங்களன்று அதைப் பார்த்த ஹால்தார் பாபு, "நூற்றுப்பத்து கிலோ! ஒரு உதைக்கு லாயக்கில்லை!" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஊசி குத்திய கையைத் தூக்கப் போனார். பாபுன்தான் துடைத்துவிட்டான்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் பரிசோதனைகள் மறுபடி தொடங்கின. படத்தை விளக்கில் வைத்து டாக்டரம்மா காட்டினார். இடது சிறுநீரகத்தின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு தழும்பு. "இரண்டில் எது மேலோ அது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். அது எங்கள் நெறி. தழும்பு உள்ளது உங்களுக்கு. நன்றாக வேலை செய்யும், பயப்படாதீர்கள்." எனக்குப் பயம் வரவில்லை. வடஇங்கிலாந்தில் ஏதோ ஒரு புல்தரையில் வாங்கிய அடி எனக்குள் வந்து குடியிருக்கப் போகிறது என்பதை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற குழுவின் முன் இருவரும் போனோம். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?" என்று கதிரைக் கேட்டார்கள். "தலைகீழ், சார். ஒரு வருஷமா இவர்தான் வாங்க மாட்டேன்னு அடம்பிடிச்சார்" என்று அவன் வங்காள மொழியில் சொன்னான். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அறுவை நாளில் அவனை முதலில் கூட்டிப்போனார்கள். தள்ளுவண்டி வேண்டாம், நடந்து வருகிறேன் என்றான். பச்சை அங்கி அவன் முதுகில் மூடவே இல்லை. கதவருகே திரும்பி, "உள்ள பாப்போம்ப்பா" என்றான்.

பழைய சிறுநீரகங்களை எடுக்க மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். புதியதை வலது அடிவயிற்றில் வைத்து, ரத்தக்குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைப்பார்கள். எனக்கு இப்போது மூன்று. அறுவை மருத்துவர் பிற்பாடு சொன்னார்: பனிக்கட்டியில் இருந்து வந்தபோது அது வெளிறிச் சாம்பல் நிறமாக இருந்ததாம். ரத்தக்குழாயின் பிடியைத் தளர்த்தியதும் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு பரவி, சில நிமிடத்தில் மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கியதாம். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், அந்த நொடியில் இன்னும் ஒருவரும் பேசுவதில்லை என்றார்.

நான் கண் விழித்தபோது கட்டிலோரப் பை நிரம்பியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பார்வதி அதைக் காட்டிக் கும்பிட்டாள். மறுநாள் நர்ஸ் ஒரு ஜாடித் தண்ணீரைக் கொண்டுவந்து, "குடிங்க காக்கு, நிறைய குடிங்க" என்று சித்தப்பா முறை வைத்துச் சொன்னாள். முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, திருடியதுபோலச் சுற்றிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கதிர் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து வந்தான்.

"வலிக்கால?"

"வலிக்குப்பா. இடிச்ச வலி பழக்கம். இது வெட்டுன வலி, புதுசா இருக்கு."

ஆறாம் நாள் கிரியாட்டினின் மறுபடி ஏறியது. உடம்பின் காவல்படை, வந்தது அந்நியன் என்று கண்டுகொண்டு தாக்குவதை நிராகரிப்பு என்கிறார்கள். அதை அடக்க நரம்பு வழியாக மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் கதிர் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பார்வதி. நான்காம் நாள் எண் இறங்கியது. அதைச் சொல்ல வந்த டாக்டரம்மா, கதிரிடம்தான் முதலில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

ஹால்தார் பாபு இன்னும் அதே நாற்காலியில்தான். திங்கள்தோறும் போன் செய்வார். என்னை விசாரிக்க மாட்டார். "நம்ம கிட்னி எப்படி இருக்கு?" என்பார்.

ஆறு மாதம் கழித்து, முகமூடியோடு வெளியே போக அனுமதி கிடைத்தது. கல்கத்தாவிலேயே தங்கிவிட்ட கதிர் இப்போது அதே மைதானத்தில் ஒரு ரக்பி கிளப்பின் பையன்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறான். "நானும் வாரேம்ல" என்றேன். கோட்டுக்கு இந்தப்பக்கம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். ஒருவன் பந்தோடு ஓடி வந்தான், எதிரே இருவர் குனிந்து நின்றார்கள். மோதினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். ஒரு சீசன் முழுக்கத் திரையில் பார்த்திருக்கிறேன். இந்தச் சத்தத்தை அது ஒருநாளும் தந்ததில்லை. அரிசி மூட்டையை லாரியிலிருந்து கல்தரையில் போட்டதுபோல ஒரு சத்தம், அதற்குள் மூச்சு வெளியேறுகிற இன்னொரு சத்தம். என் நெஞ்சில் வந்து விழுந்தது.

"ஏல, இவ்வளவு சத்தமா கேக்கும்?"

கதிர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இது ப்ராக்டீஸ்ப்பா. மெதுவா மோதச் சொல்லியிருக்கேன்."

விசிலை ஊதிக்கொண்டு அவன் பையன்களிடம் ஓடினான். பயிற்சி முடியும்வரை எனக்கு உட்காரத் தோன்றவில்லை.